படலைக்கும் வைத்தியசாலைக்கும் இடையே

வைத்தியசாலை ஒன்றைக் கட்டிவிட்டால் நோயாளர் தாமாகவே வந்து சேருவர் என்று எண்ணுவது இயல்பு. வறிய நாட்டுக் கிராமமொன்றில், நள்ளிரவில் பிரசவ வேதனையுறும் பெண்ணின் நிலையோ வேறு. அவளைக் கொண்டுசெல்வதா என்பதை முதலில் வீட்டார் தீர்மானித்தல் வேண்டும். கணவன் வெளியூர் சென்றிருப்பான். மாமியார், "நாங்களெல்லாம் வீட்டிலேதானே பெற்றோம்" என்பார். பின்பு வண்டி தேட வேண்டும். அதற்குக் கூலியும் வேண்டும். வைத்தியசாலையை அடைந்த பின்னரும் அங்கே வைத்தியரோ, ஏற்றுவதற்கு இரத்தமோ இல்லாதிருக்கலாம். தாடியஸ், மெயின் என்னும் ஆய்வாளர் இருவர் 1994இல் இவற்றை மூன்று தாமதங்கள் என வகுத்துரைத்தனர். குருதிப்பெருக்கோ இவற்றுள் ஒன்றுக்கும் காத்திராது.

இலங்கையிலே 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பெற்றது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சி வீடு தேடிச் சென்றார். ஆபத்தின் குறி கண்டவிடத்து, "வைத்தியசாலைக்குப் போங்கள்" என்னும் குரல் வீட்டுக்குள்ளேயே ஒலித்தது. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. அதன்பின் நாட்டுப்புறங்களிற் சிறு வைத்தியசாலைகள் பெருகின. 1951இல் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணமும் நீங்கியது. 1940களின் தொடக்கத்தில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு 1,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை 50க்கும் குறைவு.

ஆயினும், அண்மையிலுள்ள சிறு வைத்தியசாலையைக் கடந்து, பஸ் ஏறி நகரத்துக்குச் செல்வோர் இன்றும் பலர். அவர்களை அறியாதார் என்று இகழ்வது பொருந்தாது. விசேட வைத்தியரும் பரிசோதனைக் கருவிகளும் எங்கே உள்ளன என்பதை அவர்கள் நன்கறிவர்.