நண்பர்கள் சேர்த்த சீட்டுக்கட்டு

டிரம்ப் கார்டு 1990-களில் தமிழ்நாட்டுச் சிறுவர்களிடையே பரவிய ஆட்டம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் பெட்டிக்கடை வரைக்கும் அது வந்து சேர்ந்தது. மல்யுத்த வீரர்கள் படம் போட்ட கட்டுக்குத்தான் மவுசு அதிகம். ரேங்க், உயரம், எடை, மார்பளவு, மோதிய சண்டைகள், வென்ற சண்டைகள் என ஒவ்வொரு கார்டிலும் எண்கள் இருக்கும். கார்டுகளைச் சமமாகப் பங்கிட்டு, மேலே உள்ளதை மட்டும் அவரவர் பார்க்க வேண்டும். முறை வந்தவர் ஓர் அம்சத்தைச் சொல்ல, மற்றவர்களும் தங்கள் கார்டில் அதே அம்சத்தின் எண்ணைப் படிப்பார்கள். பெரிய எண் வைத்திருப்பவர் அந்தச் சுற்றின் எல்லாக் கார்டுகளையும் அள்ளிக்கொள்வார். ரேங்கில் மட்டும் சிறிய எண்ணுக்கு வெற்றி. பருத்த உடல்கொண்ட வீரர் யோகோசுனா கையில் இருந்தால் எடையைச் சொல்லாதவர் யார்?

கார்டுகள் தொலைந்துபோவதும், இரண்டு பேர் மிச்சத்தைச் சேர்த்து ஒரே கட்டாக்குவதும் வழக்கம். அப்போது முதல் ரேங்க் கார்டு இரண்டு வந்துவிடும். எண் சமமானால் கார்டுகளை நடுவில் வைத்து, அடுத்த சுற்றில் வென்றவருக்குக் கொடுப்பதால் அந்தச் சிக்கல் தீரும். ஆனால் யாருக்கு எந்தக் கார்டு வரும் என்பது முழுக்க அதிர்ஷ்டம்.

கட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதையே ஆடுபவர் முடிவுசெய்தால் ஆட்டம் எப்படி மாறும்? கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் அமைத்து, 1993-இல் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ அதைக் காட்டியது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பாக்கெட்டுகளில் கார்டு வாங்கி, மாற்றிக்கொண்டு, குறைந்தது 60 கார்டில் அவரவர் கட்டைத் தயாரிப்பார்கள். அது பெரும்பாலும் இருவர் மோதும் ஆட்டம்.

பலர் சேர்ந்து ஆடுவதற்குப் பெயர்போனது அதன் ‘கமாண்டர்’ வகை. ரசிகர்களே உருவாக்கிய இந்த வகைக்கு 2011-இல்தான் மேஜிக்கை வெளியிடும் நிறுவனம் ஆயத்தக் கட்டுகளை வெளியிட்டது. ஒரு தலைவர் கார்டு, அதன் நிறத்துக்குப் பொருந்திய 99 கார்டுகள். அடிப்படை நிலக் கார்டைத் தவிர எதுவும் இரண்டு முறை வரக் கூடாது. வழக்கமாக நான்கு பேர், ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளி, கடைசியில் நிற்பவருக்கு வெற்றி. நிலக் கார்டு குறைந்தால் மற்ற கார்டுகளை இறக்க வழியில்லை. அதனால் நூற்றில் 36 முதல் 40 வரை நிலத்துக்கு ஒதுக்குவது பொதுவான பழக்கம்.

நால்வர் ஆட்டத்தின் அழகு பேச்சில் இருக்கிறது. ஒருவர் முந்தினால் மற்ற மூவரும் கூடி அவரைத் தடுப்பார்கள். “இந்தச் சுற்று என்னைத் தொடாதே, நானும் உன்னைத் தொடமாட்டேன்” என்ற ஒப்பந்தம் எந்த நேரமும் முறியலாம். வலுவான கட்டே எப்போதும் வெல்லும் என்ற நிலை இதனால் குறைகிறது. ஆயினும் நான்கில் ஒன்று மிகையான வலுவுடன் இருந்தால் ஆட்டம் ருசிக்காது. கட்டின் பலத்தை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

நிறையக் கார்டு வைத்திருக்கும் ஒருவர் நான்கு கட்டுகளைத் தயாரித்து மற்ற மூவருக்கும் கொடுத்தால், அவர்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் ஆடலாம். கார்டுக் கடையே இல்லாத சிற்றூருக்கு இதுவே உகந்த வழி. விலையுயர்ந்த கார்டுக்குப் பதில் காகிதத்தில் அச்சிட்ட நகலைப் பல நண்பர் குழுக்கள் ஏற்கின்றன. அதிகாரப்பூர்வப் போட்டியில் அதற்கு இடமில்லை. பிறர் தயாரித்த கட்டை எடுப்பவருக்கு அதன் உத்தி தெரியாது. எந்தக் கார்டு எதனோடு சேர்ந்தால் பலன் என்பதை ஒரு சீட்டில் எழுதித் தருவது தயாரித்தவரின் கடமை.

முதலில் தோற்றவர் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிவருவது இந்த ஆட்டத்தின் பெரிய குறை. அதனால் சில குழுக்கள் ஒருவர் வெளியேறியதுமே ஆட்டத்தை விரைந்து முடித்து, கட்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குகின்றன.