புதிய மடிக்கணினியைப் பழக்கும் முறை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



திருமுறை பற்றியோ திருவிழா ஒழுங்குகள் பற்றியோ பேச வேண்டிய மேடையில் விளையாட்டுக் கணினியைப் பற்றிய பேச்சா என்று மூத்தோர் சிலர் புருவத்தை நெரிப்பது நமக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஆயினும் காரணம் உண்டு. மூன்று இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட பொருளொன்று நம்மவர் வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருக்கிறது. அது சீட்டுக் காசாயிருக்கலாம். கடல் கடந்த அண்ணன் அனுப்பிய காசாயிருக்கலாம். தாயின் காப்பு அடகுக்குப் போன காசாகவும் இருக்கலாம். அவ்வளவு பணம் கொடுத்துப் பசுமாடு வாங்கினால், தொழுவம் எங்கே, தண்ணீர் எங்கே என்று வீடு முழுவதும் கூடி யோசிக்கும். கணினி வந்தால் மாத்திரம் பெட்டியைப் பிரித்துப் பையன் கையில் கொடுத்துவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். கவனிப்பாரில்லாத இயந்திரம் இரண்டு வருடத்தில் சூடேறி, இரைந்து, மூலையில் முடங்கிவிடுகிறது.

இளைஞர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "இதை இன்னும் வேகமாக ஓடச்செய்வது எப்படி?" பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் இலக்கத்தில் வேகம் இல்லை; உள்ளே மின்சாரம் எவ்வளவு தாராளமாகப் போகிறது, வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியே வருகிறது என்பதிலேயே இருக்கிறது என்பதுதான் நமது பதில். மற்றவையெல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

ஓர் உதாரணம். என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 4060 என்னும் மடிக்கணினி வரைகலைச் செயலியை எடுத்துக்கொள்வோம். படம் தீட்டும் மூளை அதுதான். அதற்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பதென்பதைக் கணினியைச் செய்யும் நிறுவனமே தீர்மானிக்கிறது. பழைய மஞ்சள் மின்குமிழில் 40 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள பேதம் பெரியோர்களுக்கு நன்கு தெரியும். பெயர் ஒன்றே, பிரகாசம் வேறு. ஆகவே வாங்குமுன் கடைக்காரரிடம் பெயரை மட்டும் கேட்டு வராமல், எத்தனை வாட் என்றும் கேளுங்கள். அவர் விழித்தால் நிறுவனத்தின் விபரப் பத்திரத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இனி வெப்பம். இன்றைய செயலிகள் பல 95 அல்லது 100 பாகை செல்சியசை அணுகும்போது தம்மைக் காத்துக்கொள்வதற்காகத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. தண்ணீர் கொதிக்கும் சூடு அது! அந்தச் சூட்டைச் செப்புக்குழாய்கள் ஏந்திச் செல்ல, விசிறிகள் வெளியே தள்ளுகின்றன. குளிர்காற்றைப் பெரும்பாலும் அடிப்பக்கத்துத் துவாரங்களால் இழுக்கின்றன. அதை மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச்சொல்வதற்கு ஒப்பாகும். மடிக்கணினி என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. விளையாட்டுக் கணினியை மடியில் மட்டும் வைக்கக்கூடாது. மேசையில் வைத்து, பின்புறத்தை இரண்டு விரற்கடை உயர்த்துங்கள். அதற்கெனக் கடையில் விற்கும் தட்டு வேண்டுமென்பதில்லை. ஒரே அளவான இரண்டு மரக்கட்டைகள் போதும். மாத்தளைக்கு வடக்கே வெயில் எப்படியென்று வஹகோட்டையில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரையின்கீழ் நடுப்பகலில் விளையாடுவதற்கும், அதே அறையில் இரவு எட்டு மணிக்கு விளையாடுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணினியே காட்டும். விண்டோஸில் 'பணி மேலாளர்' என்னும் பகுதியைத் திறந்தால் வரைகலைச் செயலியின் வெப்பநிலை தெரியும். அதை ஒரு வாரம் குறித்து வையுங்கள். அளந்து பாராமல் அமைப்புகளை மாற்றுவது, காய்ச்சல் பாராமல் மருந்து கொடுப்பதைப் போன்றது.

இங்கே ஒரு சிறு விஷயம். சரஸ்வதி பூசைக்கு நம் பிள்ளைகள் கணினியையும் கொலுவில் வைக்கிறார்கள், மெத்தச் சரி. சந்தனம் குங்குமத்தை மூடியின்மேல் வையுங்கள். காற்றுத் துவாரத்தருகே வேண்டாம். சாம்பிராணி போடும்போது இயந்திரம் அணைந்திருக்கட்டும். ஓடும் விசிறி புகையையும் சாம்பலையும் உள்ளே இழுத்து, செப்புத் தகடுகளின் நடுவே படியவைக்கும். கலைமகள் கோபிக்கமாட்டாள்.

படங்களின் கணக்குக்கு வருவோம். சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. விளையாட்டுக் கணினியின் திரைகள் பல விநாடிக்கு 144 தடவை புதுப்பிக்க வல்லவை. ஆனால் சில புதிய கணினிகளில் அது 60 என்றே அமைந்திருக்கும். 144க்குப் பணம் கொடுத்தவர் 60ஐப் பார்த்துக்கொண்டிருப்பார்! காட்சி அமைப்பின் உயர்நிலைப் பகுதியில் ஒரு நிமிட வேலை இது. அன்றியும், இக்கணினிகளுட் பலவற்றில் வரைகலைச் செயலி இரண்டு உண்டு. ஒன்று சிக்கனமானது, மற்றது பலசாலி. குறித்த விளையாட்டுக்குப் பலசாலியையே பயன்படுத்தும்படி அமைப்பில் சொல்லிவைக்க வேண்டும். இல்லையேல் சிலவேளை சிக்கனமானது மூச்சுவாங்க, பலசாலி தூங்கிக்கொண்டிருக்கும். நினைவகத் தகடு ஒன்றுமட்டும் பூட்டப்பட்டிருந்தால், ஒத்த இரண்டாவது தகடு சேர்த்தவுடன் பல விளையாட்டுக்கள் சீராக ஓடக் காணலாம். வண்டிக்கு இரட்டை மாடு பூட்டிய கதைதான்.

எல்லா விளையாட்டுக்கும் 144 வேண்டுமா? வேண்டாம். நிதானமான விளையாட்டுக்களை 60 படங்களுக்கு மட்டுப்படுத்தினால் சூடும் இரைச்சலும் சட்டென்று குறையும். பக்கத்து அறையில் படுத்திருக்கும் பாட்டியும் தூங்குவார். குறைக்க வேண்டுமென்றால் முதலில் நிழல்களின் தரத்தைக் குறையுங்கள். செயலிக்குப் பெரும் சுமை அங்கேயுண்டு. கண்ணுக்கு நட்டம் சிறிது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்து நாடு முழுவதையும் இருளாக்கியது. அனுமார் அன்று இலங்கையை எரித்தார். அவர் சுற்றத்தார் இன்று விளக்கை அணைத்தார் என்று நாம் சிரித்துக்கொண்டோம். மின்கலம் உள்ள காரணத்தால் மடிக்கணினி அப்படிப்பட்ட நேரத்தில் சட்டென அணையாது. ஆயினும் மின்கலத்தில் ஓடும்போது பலசாலிச் செயலி தன் பலத்தில் பெரும்பகுதியை இழக்கும். விளையாட்டை அத்தோடு நிறுத்தி, வேலையைச் சேமித்து, செருகியைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் வரும் ஏற்றமே ஆபத்தானது. ஐப்பசி, சித்திரை மாதங்களின் பின்னேர இடியின்போதும் அப்படியே. மூன்று முனைச் செருகியை இரண்டு துளைக்குள் பேனாவால் நெம்பிச் சொருகும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நில இணைப்பு இல்லாத காரணத்தினாலேயே சில இயந்திரங்களின் உலோக உடலில் கை வைத்தால் சுருக்கென்று இழுக்கிறது.

எப்போதும் மின்னேற்றியில் பூட்டியபடியே பாவிப்பவர்கள் மின்கலத்தை 80 வீதத்தில் நிறுத்தும் வசதி உண்டா என்று நிறுவனத்தின் மென்பொருளில் தேடுங்கள். இலிதியம் மின்கலத்தை முதுமைப்படுத்துபவை இரண்டு. ஒன்று சூடு, மற்றது எந்நேரமும் வயிறு நிரம்பியிருப்பது. நமக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதல் நாள் வேலைகளை விரைவாகச் சொல்லி விடுகிறோம். பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் படமெடுத்து வையுங்கள். விண்டோஸ் இற்றைப்படுத்தல்களை முடியுங்கள். பல ஜிகாபைட் இறங்கும், இரவுநேரத் தரவுப் பொதி உள்ளவர்கள் இரவில் செய்யலாம். வரைகலைச் செயலியின் இயக்கியை அதன் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். சில மாதங்களுக்கு மட்டும் இலவசமாக வரும் வைரசுத் தடுப்பியை அகற்றலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுப் பாவனைக்குப் போதும். தமிழ்99 அல்லது அஞ்சல் விசைப்பலகையை அன்றே சேருங்கள், அடுத்த மலருக்குக் கட்டுரை எழுதச் சாட்டுச் சொல்ல முடியாது. மிக முக்கியமானது ஒன்று: புதிய கணினிகள் பல உள்ளடக்கத்தைத் தாமாகவே மறையாக்கம் செய்து பூட்டிக்கொள்கின்றன. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். அதைக் கொப்பியில் எழுதி, காணி உறுதி இருக்கும் அலுமாரியில் வையுங்கள். சாவியும் போய்க் கணக்கின் கடவுச்சொல்லும் மறந்தால் கல்யாணப் படமும் பரீட்சைக் குறிப்பும் திரும்பா.

"ஒரே அழுத்தில் வேகம் இருமடங்கு" என்று அழைக்கும் மென்பொருள்களை நம்பாதீர்கள். அதைவிடக் கொடியது, பூட்டை உடைத்த விளையாட்டை எவரோ விரல்தட்டில் கொண்டுவந்து தருவது. "முதலில் வைரசுத் தடுப்பியை நிறுத்து" என்று அது கேட்கும். கதவைத் திறந்துவிட்டுக் காவல்நாயையும் கட்டிப்போடு என்று சொல்லும் விருந்தாளி யாரென்று யோசியுங்கள். தந்தையார் அதே கணினியில் வங்கிக் கணக்கைப் பார்க்கிறாரெனில், பணயம் வைப்பது உங்கள் விளையாட்டை மாத்திரமன்று. நேர்வழியில் செலவின்றி விளையாட வழியுண்டு. எபிக் நிறுவனத்தின் கடை 2018 டிசம்பரில் தொடங்கியது முதல் இலவச விளையாட்டுக்களை வழங்கி வருகிறது.

பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. விளையாட்டு என்றால் சுடுவதும் வெட்டுவதுமே என்று நினைக்க வேண்டாம். புனே நகரத்து இளைஞர்கள் சிலர் 2020இல் 'ராஜி' என்றொரு விளையாட்டை வெளியிட்டார்கள். அசுரர் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடிப் போகும் சிறுமிக்குத் துர்க்கையம்மன் துணை நிற்பதே கதை. அதிலும் சண்டை உண்டுதான். நம் புராணங்களில் இல்லாத சண்டையா? 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். இப்படிச் சொல்வதால் விடியும்வரை விளையாட அனுமதி கொடுத்தோமென்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மைக்ரோசொப்ட் குடும்பக் கணக்கில் நேரத்தை வரையறுக்கும் வசதி உண்டு. பையன் முன்னிலையில், பையனோடு பேசியே அதை அமையுங்கள்.

வருகிற ஞாயிறு பின்னேரம் வாசிகசாலையில் கணினிகளின் தூசி தட்டும் முறையைக் காட்டவிருக்கிறோம். மெல்லிய தூரிகையும் ஈர்க்கும் கொண்டு வாருங்கள். காற்றடிக்கும்போது விசிறி சுழலாமல் பிடிக்க ஈர்க்கு வேண்டும். பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும். உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரங்களை வெளிப்புறம் மட்டுமே துடைப்போம். ஆணி எதையும் கழற்றமாட்டோம்.