பழுது பார்க்கப் பழகுவோம்
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கும் நாளில் வெற்றியைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் விழுந்துபோன ஒரு விமானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயந்துவிடாதீர்கள்! ஆள் ஏறும் விமானம் அல்ல. தரையில் நின்றுகொண்டு ரேடியோ மூலம் ஓட்டுகிற மாதிரி விமானம்.

1988-ஆம் ஆண்டில் என் அண்ணனும் நானும் பால்சா மரத்தில் அதைச் செய்தோம். அண்ணன் 2001-ல் காலமாகிவிட்டார். அதன்பின் அந்த விமானத்தை உயிராகப் போற்றினேன். தூசு தட்டுவேன், துடைப்பேன். ஆனால் உள்ளே இருந்த ரிசீவர் பேட்டரியை மட்டும் மாற்றவில்லை. 1999-ல் அண்ணன் தம் கையால் பற்றவைத்துக் கட்டியது அது. 'அண்ணன் கை பட்டது, இருக்கட்டுமே' என்று விட்டுவிட்டேன்.

2007-ல் ஒரு மாலை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஐந்து வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அப்புறம் என்ன கவலை என்று பறக்க விட்டேன். மூன்றாவது வட்டத்தில் விமானம் என் சொல் கேட்கவில்லை. திடலின் ஓரத்தில் மூக்குக் குத்தி விழுந்தது. பத்து நிமிடத்துக்கு முன்வரை அங்கே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வானம் இருட்டியதால் வீட்டுக்கு ஓடியிருந்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

ஏன் விழுந்தது? பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டும். சர்வோ மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக இழுக்கும்போது படுத்துவிடும், ரிசீவரும் அணைந்துபோகும். வேலை கொடுத்துப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும். மனிதரும் அப்படித்தானே?

துண்டுகளை ஒன்று விடாமல் சாக்கில் பொறுக்கி வந்தேன். பால்சா உடைந்த ஓரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கக் கூடாது. பிசிறு பிசிறாக இருந்தால்தான் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும். இறக்கையின் முதுகெலும்பான நீளச் சட்டத்துக்கு இருபுறமும் துணைக் கட்டை வைத்து ஒட்டினேன். எஞ்சின் எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. அதை வெட்டி எடுத்துப் புது மரம் வைத்தேன். பசையை அள்ளிப் பூசினால் பலம் கூடாது, பாரம்தான் கூடும். வால்பக்கம் பாரம் ஏறினால் விமானம் நிலை தடுமாறும். ஆகவே பழுது பார்த்தபின் எடைமையத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கீறல் விட்ட புரப்பெல்லரை ஒட்டவே கூடாது, தூக்கிப் போடுங்கள்.

நம் நாட்டு வெயிலும் ஈரமும் மரத்தை முறுக்கிவிடும். ஆகவே வெயிலில் நிற்கும் காருக்குள் விமானத்தை வைக்காதீர்கள். இன்றைய லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் அதை உபயோகிக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் பறக்க விடுமுன் ரேடியோ எட்டும் தூரத்தைச் சோதியுங்கள். மாற்றிய ஒவ்வொன்றையும் நாளோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அமெரிக்காவின் மேனார்ட் ஹில் முதுமையில் கண்ணும் காதும் மிக மங்கியவர். 2003 ஆகஸ்ட்டில் அவரும் நண்பர்களும் 5 கிலோவுக்குட்பட்ட மாதிரி விமானம் ஒன்றைக் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து அனுப்பினார்கள். நடுக்கடலில் தானியங்கிக் கருவி வழிநடத்தியது. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டரை 38 மணி 52 நிமிடத்தில் கடந்து அது அயர்லாந்தில் இறங்கியது. அதற்கு முன் அனுப்பியவை கரை சேரவில்லை. ஒவ்வொரு தோல்வியையும் ஆராய்ந்து திருத்தியதால் கிடைத்த வெற்றி அது!

செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களுக்கு என் வாழ்த்துகள். வாங்காதவர்களே, எங்கே உடைந்தது என்று பாருங்கள், துண்டுகளைப் பொறுக்குங்கள், மறுபடி ஒட்டுங்கள்.

என் விமானம் புது பேட்டரியோடு இன்றும் பறக்கிறது. அண்ணன் கட்டிய பேட்டரியை முறைப்படி அப்புறப்படுத்திவிட்டேன். அதைச் சுற்றியிருந்த துணிப்பட்டை மட்டும் என் மேசையில் இருக்கிறது. அன்பு என்பது ஒன்றைத் தொடாமல் வைத்திருப்பது அல்ல, அதைப் பராமரிப்பது. இதை நான் கற்றுக்கொள்ள ஒரு விமானம் விழ வேண்டியிருந்தது. உங்களுக்கு அது வேண்டாம்.