புள்ளிப் பலகைக்குப் பின்னால் நிற்பவர்கள்

(மாணவர் வாசிப்பு வட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இங்கே அமெரிக்காவின் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். நியாயம்தான். ஆனால் நம் மீது அன்றாடம் வீசப்படும் "தகுதி, திறமை" வாதத்தைப் பிரித்துப் பார்க்க இந்த விளையாட்டு எனக்கு ரொம்பவே உதவியிருக்கிறது. விளையாட்டில் சிபாரிசு செல்லாது, புள்ளிப் பலகை பொய் சொல்லாது என்பார்கள். அந்தப் பலகையிலிருந்தே தொடங்குவோம்.

கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2014 நவம்பரில் தொடங்கி 2017 மார்ச் வரை தொடர்ச்சியாக 111 ஆட்டங்களில் வென்றது. 2016-ல் மிசிசிப்பி ஸ்டேட் அணியை 98-38 என்று வென்றபோது, இந்த அணி பெண்கள் கூடைப்பந்தையே கொல்கிறது என்று பாஸ்டன் பத்திரிகையாளர் ஒருவர் எழுதினார். 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் யுசிஎல்ஏ ஆண்கள் அணி 10 பட்டங்களை வென்றிருந்தது. அதை இன்றும் பொற்காலம் என்றே சொல்கிறார்கள். ஆண்கள் தொடர்ந்து வென்றால் சாதனை, பெண்கள் தொடர்ந்து வென்றால் சலிப்பு! விளையாட்டு ஒன்றும் சாகவில்லை. அதே மிசிசிப்பி ஸ்டேட்தான் மறு ஆண்டு அரையிறுதியில் 66-64 என்று வென்று அந்தத் தொடர் வெற்றியை நிறுத்தியது.

ஆக, பலகையில் இருப்பது எண் மட்டும்தான். அதற்குப் பொருள் சொல்வது ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருக்கும் சமூகம்.

அடுத்த கேள்வி: ஆதிக்கம் எப்படி உருவாகிறது? இதற்கு 1982-க்குப் போக வேண்டும். என்சிஏஏ பெண்கள் கூடைப்பந்துக்கு முதன்முதலாகத் தேசியப் போட்டி நடத்திய ஆண்டு அது. அந்த முதல் இறுதியாட்டத்தில் ஆடியது செய்னி ஸ்டேட். 1837-ல் தொடங்கப்பட்ட, அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் கல்லூரி. பயிற்சியாளர் விவியன் ஸ்டிரிங்கர் என்ற கறுப்பினப் பெண். உடற்கல்விப் பாடம் நடத்திக்கொண்டே, பயிற்சிக்கென்று தனிச் சம்பளம் இல்லாமல் அந்த அணியை வளர்த்தவர். லூசியானா டெக்கிடம் 76-62 என்று தோற்றார்கள். அதன்பிறகு இன்றுவரை எந்தக் கறுப்பினக் கல்லூரியும் அந்த மேடையை எட்டவில்லை.

கறுப்பினப் பெண்களுக்கு ஆடத் தெரியாமல் போய்விட்டதா? இல்லை. நாட்டின் பெரிய அணிகளெல்லாம் அவர்களை வைத்துத்தான் வென்றன. மாறியது பணம். தொலைக்காட்சியும் அரங்கமும் உதவித்தொகையும் பெரிய பல்கலைக்கழகங்களிடம் குவிந்தன. திறமை அங்கே போனது. ஸ்டிரிங்கரும் 1983-ல் ஐயோவாவுக்குப் போனார். மூன்று வெவ்வேறு கல்லூரிகளை இறுதி நான்கு அணிகளுக்குள் கொண்டுசென்ற முதல் பயிற்சியாளர் ஆனார். ஆண்கள் பிரிவையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் டைட்டில் நைன் சட்டம் 1972-ல் வந்தது. அப்போது கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள். இன்று எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கும் குறைவு. சட்டத்தால் பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் மதிப்பும் வந்தன. அதன் பின்னாலேயே ஆண்களும் வந்தார்கள். உழைப்பு ஒருவருடையது, பதவி வேறொருவருடையது என்பது நமக்குப் புதிய கதையா தோழர்களே?

இனி தேர்வுக்கு வருகிறேன். தமிழில் 'தேர்வு' என்றால் பரீட்சை, தேர்ந்தெடுப்பதும் தேர்வுதான். நம்மைப் போன்றவர்களுக்கு முதலாவது ஏராளமாகக் கிடைக்கும். இரண்டாவதுதான் கிடைக்காது.

தென் கரோலினாவைச் சேர்ந்த ஏஜா வில்சனை 2014-ல் கனெக்டிகட் உட்படப் பெரிய அணிகளெல்லாம் அழைத்தன. அவர் தேர்ந்தெடுத்தது தன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த தென் கரோலினா பல்கலைக்கழகத்தை. அப்போது அந்த அணியிடம் ஒரு தேசியப் பட்டம்கூட இல்லை. பயிற்சியாளர் டான் ஸ்டேலி. பிலடெல்பியாவின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த கறுப்பினப் பெண். 2017-ல் இருவரும் சேர்ந்து பட்டம் வென்றார்கள். 2021-ல் அரங்கத்தின் முன் வில்சனுக்குச் சிலை வைத்தார்கள். தன் பாட்டி சிறுமியாக இருந்தபோது அந்த வளாகத்துக்குள் நடக்கக்கூட முடியாமல் சுற்றிக்கொண்டுதான் போனார் என்று அன்று அவர் சொன்னார். வைக்கத்துத் தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களை மீண்டும் சேர்த்துக்கொண்டது 1963-ல்தான்.

கரோலின் பெக், 1999-ல் இப்பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பெண் பயிற்சியாளர். தான் வென்றபோது வெட்டியெடுத்த வலையின் ஒரு துண்டை ஸ்டேலிக்குக் கொடுத்திருந்தார். ஸ்டேலி வென்றபிறகு தன் வலையைத் துண்டு துண்டாக்கி நாடெங்கும் உள்ள கறுப்பினப் பெண் பயிற்சியாளர்களுக்கு அனுப்பினார். 2024-ல் அவர் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வென்றது. அந்த இறுதியாட்டத்தை அமெரிக்காவில் ஆண்கள் இறுதியாட்டத்தைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். ஆதிக்கம் விளையாட்டைக் கொல்கிறது என்றவர்களுக்கு வேறு பதில் வேண்டுமா?

ஆனால் வில்சனின் கதையை வைத்து "மனது வைத்தால் யாரும் தேர்ந்தெடுக்கலாம்" என்று முடித்துவிட முடியாது. கல்லூரியைவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் வழியைப் பாருங்கள். ஆண்கள் 19 வயதில் என்பிஏ போகலாம். அமெரிக்கப் பெண்கள் டபிள்யூஎன்பிஏ போக, பொதுவாக 22 வயதாக வேண்டும் அல்லது பட்டம் முடிக்க வேண்டும். 2024-ல் முதலாவதாகத் தேர்வான கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். அதற்கு முந்தைய ஆண்டு ஆண்கள் பிரிவில் முதலாவதாகத் தேர்வானவருக்கு ஏறத்தாழ 1.2 கோடி டாலர். இந்தச் சம்பளம் போதாமல்தான் எத்தனையோ பெண்கள் ஓய்வு மாதங்களில் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போய் ஆடினார்கள். அப்படிப் போன பிரிட்னி கிரைனர் 2022-ல் ரஷ்யச் சிறையில் பல மாதங்கள் கிடந்தார். அவர் ரஷ்யா போனது "அவருடைய தேர்வு" என்று பலர் சொன்னார்கள். அந்தச் சம்பளத்தை நிர்ணயித்தவர்களை யாரும் கேட்கவில்லை.

2021 வரை கல்லூரி வீராங்கனை தன் பெயரைக்கொண்டு விளம்பரத்தில் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. அந்தத் தடை நீங்கியபின் சிலர் கல்லூரியிலேயே இன்னோர் ஆண்டு தங்குகிறார்கள். பேராசை என்கிறார்கள். நான் அதைக் கணக்குத் தெரிந்தவர்களின் முடிவு என்பேன்.

தோழர்களே, உங்களில் பலர் கடைசியாண்டு. முனைவர் பட்டமா, போட்டித் தேர்வா, உடனே ஒரு வேலையா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். நான் முதல் தலைமுறை ஆய்வாளர். உதவித்தொகை மாதக்கணக்கில் வராதபோது வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியும். ஆய்வைவிட்டு வேலைக்குப் போன தோழிகள் எனக்கு உண்டு. அவர்களிடம் தகுதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: அவர்கள் முன் வைக்கப்பட்ட பட்டியலை எழுதியது யார்?

1946-ல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையிடம் அளித்திருந்த மனுவின் பிரதிகளைக் கேட்டார். அனுதாபம் தெரிவிப்பதோடு அவர் நிற்கவில்லை. அவர்கள் உரிமை கேட்கும் முறையைப் படிக்க விரும்பினார். நாமும் அப்படித்தான் படிக்க வேண்டும். நமக்கு இடம் கிடைத்தால் மட்டும் போதாது. அணியைத் தெரிவு செய்யும் அறையிலும், சம்பளத்தை எழுதும் மேசையிலும், பயிற்சியாளர் நாற்காலியிலும் நம் ஆட்கள் இருக்க வேண்டும். அப்படிப் போய் அமர்பவர்கள் கையில் கிடைத்த வலையைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் பங்கு போட வேண்டும்.

 ஜெய்பீம்.