பியானோ முன்னால் ஒரு பெட்டியடிப் பையன்

(மானகிரியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கடல் கடந்து சாதித்த தமிழர் ஒருவரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். ஏதாவது கம்ப்யூட்டர் கம்பெனித் தலைவரைப் பற்றிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டவர் ஒரு பியானோக்காரர். பெயர் விஜய் ஐயர். ஜாஸ் இசைக் கலைஞர். 2014 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கருப்பின மக்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் உருவாக்கிய இசை. 12 அல்லது 32 ஆவர்த்தனம் கொண்ட ஒரு சட்டம் திரும்பத் திரும்பச் சுழலும். அதன் மேல் ஒவ்வொருவரும் அந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு இது ரொம்ப அந்நியமில்லை. ஒரு வித்தியாசம், அங்கே டிரம்ஸ்காரர் பக்கவாத்தியமாக மட்டும் இருக்க மாட்டார். கூடவே பேசுவார், குறுக்கே பேசுவார், சில சமயம் சண்டையும் போடுவார்.

விஜய் ஐயர் பிறந்தது 1971-இல், நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில். பெற்றோர் இங்கிருந்து போன தமிழர்கள். மூன்று வயதில் வயலின் பிடித்தவர், 15 வருஷம் முறையாக மேற்கத்திய சங்கீதம் படித்தார். பியானோவுக்கு அப்படி வாத்தியார் வைத்துப் படிக்கவில்லை. பெரும்பாலும் காதால் கேட்டு, கையால் தடவிக் கற்றுக்கொண்டதுதான். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு, கலிபோர்னியாவில் பெர்க்லிக்கு இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போனார். அதுவரைக்கும் நமக்குத் தெரிந்த கதைதான். 1995-இல் ஆராய்ச்சியை இயற்பியலிலிருந்து இசைக்கு மாற்றிக்கொண்டார். எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தன் இப்படி ஒரு முடிவு எடுத்திருந்தால் அப்பா அடுத்த பஸ்ஸிலேயே வந்து நின்றிருப்பார்.

அவரைப் பற்றி நம் ஆட்கள் பேசும்போது ஒரு வசனம் கட்டாயம் வரும்: "கணக்கு மூளைங்க, அதான் பியானோவிலும் பின்றார்." அமெரிக்க விமரிசகர்களும் இதையே நாசூக்காகச் சொல்வார்கள்: கணிதத்தனமான இசை, மூளையால் வாசிக்கும் இசை என்று. இந்த வர்ணனையை அவர் விரும்புவதில்லை. இந்திய முகத்தைப் பார்த்தவுடன் ஒட்டுகிற லேபிள் அது என்று ஆட்சேபித்திருக்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

கணக்கே இல்லை என்று சொல்லவில்லை. 2009-இல் லண்டன் கார்டியன் பத்திரிகையில், ஃபிபொனாச்சி எண்களை வைத்துத் தாளம் அமைப்பது பற்றி அவரே எழுதினார். 5, 8, 13 என்று போகும் அந்த வரிசை. (ஃபிபொனாச்சி 1202-இல் எழுதுவதற்கு முன்பே, செய்யுளின் மாத்திரைக் கணக்குக்காக நம் நாட்டு ஹேமச்சந்திரர் அதைச் சொல்லிவிட்டார் என்பது மெக்கானிக்கல் பிரிவுக்காரர்களுக்கு உபரித் தகவல்.) ஆனால் 1998-இல் அவர் டாக்டர் பட்டம் வாங்கிய ஆய்வு எதைப் பற்றி? உடம்பைப் பற்றி. தாளம் என்பது நடை, மூச்சு, பேச்சு இவற்றின் வேகத்தோடு பிணைந்தது. நல்ல டிரம்ஸ்காரர் ஓர் அடியை மயிரிழை தள்ளிப் போடுகிறாரே, அந்தச் சில மில்லி செகண்டில்தான் உயிர் இருக்கிறது என்பது அதன் சாரம். மெட்ரோனோம் வைத்து அளந்தால் பிழை, உடம்பு வைத்துக் கேட்டால் சுகம்.

இதை அவர் எங்கே கற்றார் என்பதுதான் எனக்கு முக்கியம். பெர்க்லிக்குப் பக்கத்து ஊர் ஓக்லண்ட். பகலில் இயற்பியல், ராத்திரி ஓக்லண்ட் கிளப்புகளில் வயதில் மூத்த கருப்பினக் கலைஞர்களோடு வாசிப்பு. ஈ.டபிள்யூ. வெயின்ரைட், டொனால்ட் பெய்லி என்ற இரண்டு டிரம்ஸ்காரர்களோடு அங்கே வாசித்தார். 1994 வாக்கில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மனும், டிராம்போன் கலைஞரும் அறிஞருமான ஜார்ஜ் லூயிஸும் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ராஸ்கோ மிட்செல், வடாடா லியோ ஸ்மித் என்று பெரியவர்களின் குழுக்களில் வருஷக்கணக்காக உட்கார்ந்து வாசித்தார்.

இந்தச் சுற்று வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏறிய பையன் முதலில் பெட்டியடிப் பையன். கடிதம் நகல் எடுப்பான், எடுபிடி வேலை பார்ப்பான், பெரியவர்கள் பேரம் பேசுவதைக் காதால் கேட்டுக்கொண்டே கிட்டங்கியில் உட்கார்ந்திருப்பான். அப்புறம் அடுத்தாள். அப்புறம்தான் மேலாள். வட்டித்தொழிலை யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. ஜாஸும் அப்படித்தான். மேடையில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பாக வாசித்து, அவர் திரும்பிப் பார்க்கிற ஒரு பார்வையில் கற்றுக்கொள்கிற வித்தை. விஜய் ஐயர் பெட்டியடியிலிருந்து வந்தவர். இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் பையன் போனது சொந்த ஜனத்தின் கடைக்கு. இவரை உட்காரவைத்தது வேறொரு சமூகம்.

அந்தக் கடன் இசையோடு நிற்கவில்லை. 1946-இல் இயற்றிய சட்டப்படி வருஷத்துக்கு 100 இந்தியர்தான் அமெரிக்காவில் குடியேறலாம். ஆமாம், நூறே பேர். அங்கே கருப்பின மக்கள் அடிபட்டு, சிறை சென்று, 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வாங்கினார்கள். அந்த அலையில்தான் 1965-இல் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம் வந்தது. நம் டாக்டர்களும் என்ஜினீயர்களும் சாரிசாரியாகப் போனது அதற்கப்புறம். நம் கல்லூரி அண்ணன்மார்களிலும் அந்த வாசல் வழியாகப் போனவர்கள் உண்டு. யார் தள்ளித் திறந்த கதவு என்று நாம் கேட்டதில்லை. "நல்லாப் படிச்சோம், போனோம்" என்பதோடு சரி.

2014-இல் விஜய் ஐயரை யேல் பல்கலைக்கழகம் படித்த ஆசிய அமெரிக்கர்களின் கூடலுக்குப் பேச அழைத்தார்கள். இன்றைக்கு இங்கே நடப்பது மாதிரி ஒன்று. அங்கே அவர் சாதனைகளைப் பாராட்டிவிட்டு உட்காரவில்லை. இந்த நாட்டில் நாம் வெற்றி பெற்றோம் என்றால் இதன் அநியாயங்களிலும் நமக்குப் பங்கு உண்டல்லவா என்று கேட்டார். தன்னை ஏற்று வளர்த்தவர்கள் கருப்பினக் கலைஞர்கள் என்பதையும் சொன்னார். கூடல் விழாவில் இப்படிப் பேசத் துணிச்சல் வேண்டும். அடுத்த வருஷம் அழைப்பார்களா என்று யோசிக்காமல் பேசியிருக்கிறார்.

விருதுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2013-இல் மெக்கார்தர் நல்கை, 6,25,000 டாலர். 'ஹிஸ்டாரிசிட்டி' இசைத்தட்டுக்கு கிராமி பரிந்துரை. ஹார்வர்டுக்கு முன்பே கனடாவின் பான்ஃப் நகரில் இளம் கலைஞர்களுக்கான ஜாஸ் பட்டறையின் பொறுப்பு. அந்தந்த ஊரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற முறையை, தேர்வு மதிப்பெண் கேட்கிற பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்ததுதான் எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

எதைக் கேட்பது என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். 2011-இல் வந்த 'தீர்த்தா'விலிருந்து தொடங்குங்கள். கிட்டார் பிரசன்னா, தபலா நிதின் மிட்டா. பிரசன்னாவும் நம் ஜாதிதான், அதாவது என்ஜினீயர் ஜாதி, ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் கட்டுமானம் படித்தவர். அடுத்து 2003-இல் கவிஞர் மைக் லாடுடன் செய்த 'இன் வாட் லாங்வேஜ்'. ஈரான் இயக்குநர் ஜாஃபர் பனாஹியை 2001-இல் நியூயார்க் விமான நிலையத்தில் விலங்கிட்டு உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினார்களே, அதிலிருந்து பிறந்தது. விசா வரிசையில் நின்றவர்களுக்கு அது பிடிபடும். 2021-இல் வந்த 'அன்ஈஸி'யில் பேஸ் வாசிக்கும் லிண்டா மே ஹான் ஓ, மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர்.

முதல் தடவை கேட்டால் புரியாது. மூன்றாவது தடவை டிரம்ஸை மட்டும் கேளுங்கள், பியானோ தானாக வந்து சேரும். இலை போட்டுவிட்டார்கள் என்று சைகை வருகிறது.