மனக்கணக்கு



பலசரக்குக் கடைக்காரர் ஆண்டுக்கு ஒரு முறை கடையில் உள்ள சரக்கைக் கணக்கெடுப்பார். எந்த அரிசியில் வண்டு விழுந்தது, எந்த எண்ணெய் காறிப்போனது என்று பார்ப்பார். கெட்ட சரக்கை மறைத்து வைத்தால் யாருக்கு நஷ்டம்? அவருக்குத்தான்.

மனத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. குடியை விட்டவர்களுக்கு அது மிகவும் தேவை.

கள்ளிக்காட்டில் ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் குடியை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறார். பால் எடுக்கிறார், ஷீட் அடிக்கிறார். கூலியை வீட்டில் கொடுக்கிறார். ஆனால் இரவில் தூக்கம் இல்லை. பாகம் பிரித்ததில் அண்ணன் மேல் கோபம். மழை வந்தால் வெட்டு நின்றுபோகுமே என்ற பயம். ஒரு நாள் வேலி அருகே அண்ணனைப் பார்க்கிறார். அன்று மாலை கால்கள் குடிக்கும் கடைப்பக்கம் திரும்புகின்றன.

குடி நின்றுவிட்டது. குடிக்கத் தூண்டிய கோபமும் பயமும் அப்படியே இருக்கின்றன.

நெய்யாற்றின்கரைப் பக்கம் உள்ள அருவிப்புறத்தில் 1888-இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். மது விஷம், அதைக் காய்ச்சவோ விற்கவோ குடிக்கவோ கூடாது என்று அவர் மக்களுக்குச் சொன்னார். 1996 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. நல்ல சொல்லும் வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால் நெஞ்சில் கிடக்கும் பகையைச் சட்டம் வந்து எடுக்காது. குடித்தவரே எடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழியைக் குடிநோயாளிகளே கண்டார்கள். 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் இரண்டு பேர் சந்தித்தார்கள். ஒருவர் பங்குச் சந்தையில் வேலை செய்த பில் வில்சன். மற்றவர் பாப் ஸ்மித் என்ற டாக்டர். இருவரையும் குடி கெடுத்திருந்தது. ஒருவர் கதையை மற்றவர் கேட்டார். இருவரும் மீண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு. 1939-இல் அவர்கள் தங்கள் வழியை 12 படிகளாக ஒரு புத்தகத்தில் எழுதினார்கள். நான்காம் படி, தன் மனத்தைப் பயப்படாமல் கணக்கெடுப்பது. ஐந்தாம் படி, அதை இன்னொருவரிடம் மறைக்காமல் சொல்வது. 1957 முதல் இந்தியாவிலும் இந்த அமைப்பு உண்டு. கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை. வந்தவர் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண், குடிநோயால் கணவரை இழந்தார். அவர் வீட்டில் முடங்கவில்லை. 1980-இல் குடிநோயாளிகளுக்காக ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அதை அறிவார்கள். அங்கே மருந்தோடு ஆலோசனையும் உண்டு. குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சரி, மனக்கணக்கை எப்படி எழுதுவது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நான்கு கேள்விகள் எழுத வேண்டும். நம் ரப்பர் தொழிலாளி எழுதினால் இப்படி இருக்கும்.

யார் மேல் கோபம்? அண்ணன் மேல்.

எதற்காக? பாகத்தில் 2 சென்ட் குறைத்துவிட்டார்.

எனக்கு எங்கே வலித்தது? பணத்தில். அதைவிட மானத்தில்.

இதில் என் பங்கு என்ன?

முதல் மூன்றும் வேகமாக எழுதிவிடலாம். நான்காவதில் பேனா நின்றுவிடும். அவர் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுதுகிறார்: “பத்திரம் எழுதிய அன்று குடித்திருந்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் கைநாட்டு வைத்தேன். பிறகு அண்ணன் பேச வந்தபோது கல்லை எடுத்தேன்.”

இதனால் அண்ணன் செய்தது சரி என்று ஆகாது. ஆனால் இத்தனை நாள் அவர் அண்ணனின் கணக்கை மட்டுமே பார்த்தார். இன்று தன் கணக்கையும் பார்த்தார். அண்ணனைத் திருத்துவது அவர் கையில் இல்லை. தன்னைத் திருத்துவது அவர் கையில் இருக்கிறது.

பயத்தையும் இப்படியே எழுதலாம். மழைக்காலத்தில் பட்டினியா? வாரம் கொஞ்சம் சேர்த்து வைக்கலாம். மகள் இனி நம்பமாட்டாளா? அதற்குக் குறுக்குவழி இல்லை. குடிக்காத ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பதில் சொல்லும்.

எழுதியதை ரகசியம் காக்கும் ஒருவரிடம் வாசிக்க வேண்டும். குடியிலிருந்து மீண்ட ஒருவராக இருந்தால் நல்லது. சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் குறையும். பிறகு, தீங்கு செய்தவர்களிடம் போய் ஈடு செய்ய வேண்டும். ஆனால் அதனால் அவர்களுக்கோ பிறருக்கோ மேலும் காயம் வரும் என்றால் போகக்கூடாது.

மூன்று எச்சரிக்கைகள். தன்னையே திட்டிக்கொள்வது மனக்கணக்கு ஆகாது. கடையில் கெட்ட சரக்கோடு நல்ல சரக்கும் இருக்கும், அதையும் எழுத வேண்டும். அடுத்து, அடிபட்ட மனைவியிடம் “உன் பங்கு என்ன?” என்று யாரும் கேட்கக் கூடாது. சிறுவயதில் கொடுமைப்பட்டவருக்கும் அந்தக் கொடுமையில் பங்கு இல்லை. கடைசியாக, தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டில் இருந்தபடி திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுங்கலாம், வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். நோட்டுப் புத்தகம் அதற்குப் பிறகுதான்.

அன்று பத்திரத்தில் கைநாட்டு வைத்த அதே கை இன்று தன் குற்றத்தைத் தானே எழுதுகிறது. அடியில் கையெழுத்தும் போடுகிறது. எழுத்துப் படித்ததற்கு இதைவிட நல்ல பயன் உண்டா?

கலந்து பேசுங்கள்:
1. நான்காம் கேள்விக்குப் பதில் எழுதுவது ஏன் கடினம்?
2. குடியை விட்டு வந்தவரிடம் ஊரார் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
3. உங்கள் மனத்தில் உள்ள ஒரு பயத்தை நோட்டில் எழுதிப் பாருங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.