காய்ச்சலும் சதையியும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



கூகைக்கட்டு வந்த பிள்ளையை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். கன்னம் வீங்கும், வாய் திறக்க நோகும், ஒரு கிழமையளவில் வீக்கம் வற்றிவிடும். ஆனால் அப்பிள்ளைகளிற் சிலர் இடையிலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பதும் உண்டு. கன்னத்து நோய்க்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு? அதைப் பற்றியே பேச வந்தோம்.

இரைப்பைக்குப் பின்னே, முதுகுப் பக்கமாக, ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளத்திற் கிடக்கும் உறுப்பே சதையி. தமிழ்நாட்டார் கணையம் என்பர். ஜேர்மானியர் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'வயிற்று உமிழ்நீர்ச் சுரப்பி' என்பதாகும். மிகப் பொருத்தமான பெயர்! கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியைத் தாக்கும் கூகைக்கட்டு வைரசு, சில வேளை இந்த வயிற்றுச் சுரப்பியையும் தேடிப் போகின்றது.

சதையி சுரக்கும் சீரண நீர் குடலை அடைந்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். வைரசினாற் கலங்கள் சிதைந்தால், அந்நீர் இருந்த இடத்திலேயே வேலை தொடங்கி, தன்னைச் சுரந்த சதையியையே அரிக்கத் தலைப்படும். மேல் வயிற்றில் எழும் வலி முதுகுக்கு ஊடுருவும், வாந்தி நிற்காது. கொக்சாக்கி வைரசும் ஈரலைத் தாக்கும் சில வைரசுகளும் இவ்வாறு செய்வதுண்டு. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,000 பேருக்கு மேற் பதிவான டெங்குக் காய்ச்சலிலும், மிகச் சிலருக்கு இது நேர்கின்றது. பெரும்பாலோர் குணமடைவர், சிலருக்கு உயிராபத்தாகும். விஞ்ஞானம் படிக்கும் மாணவர் ஒன்றைக் கவனிக்க: கூகைக்கட்டில் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் அமிலேசு இரத்தத்திற் கலப்பதால், அதை மாத்திரம் அளந்து சதையி கெட்டது என்று கூறமுடியாது. இலிப்பேசையும் அளந்து பார்ப்பார்கள்.

சதையிக்கு இன்னொரு தொழிலும் உண்டு. 1869இல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜேர்மன் மாணவர் அதனுள்ளே தீவுகள் போன்ற சிறு கலக்கூட்டங்களைக் கண்டார். இன்சுலின் பிறப்பது அங்கேதான். அத்தீவுகள் அழிந்த பிள்ளைக்கு, 1922இல் தொரன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஏற்றப்படும் வரை, உலகில் மருந்தே இருக்கவில்லை.

தீவுகளை அழிப்பதில் வைரசுக்குப் பங்குண்டா? கூகைக்கட்டைத் தொடர்ந்து நீரிழிவு கண்டதாக நோர்வேயில் 1864இலேயே ஒரு குறிப்பு எழுதப்பட்டது. அமெரிக்காவில் 10 வயதுச் சிறுவன் ஒருவன், தடிமன் காய்ச்சல் போன்றதொரு நோயின் பின் சில நாட்களுள் கடும் நீரிழிவினால் இறந்தான். அவன் சதையியிலிருந்து எடுத்த கொக்சாக்கி வகை வைரசை எலிகளுக்கு ஏற்ற, அவற்றுக்கும் நீரிழிவு கண்டது. 1979இல் இது வெளியானபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. ஆனால் ஒரு சிறுவனை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் தீர்ப்பு எழுதுதல் தகாது. பின்லாந்தில் 1982 முதல் தடுப்பூசி போட்டுக் கூகைக்கட்டை ஏறக்குறைய ஒழித்தார்கள். பிள்ளைகளின் நீரிழிவோ ஒழியவில்லை. பெரும்பாலான பிள்ளைகளில், உடலின் காவற்படையே மாதக்கணக்காக, சில வேளை ஆண்டுக்கணக்காக, தன் தீவுகளைப் பகையென்று எண்ணி அழிக்கின்றது. பிறவிக் குணமும் அதற்குக் காரணம். அப்போரை மூட்டிவிடும் பொறிகளுள் வைரசும் ஒன்று என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்குத் தடிமன் வந்து போகின்றது, தீவுகள் அசைவதில்லை.

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகின்றோம். ஒன்பது வயதுப் பையன். காய்ச்சல் விட்டுப் பத்து நாள். இரவில் எழுந்து குடத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தான். விட்டுப்போன பாய் நனைக்கும் பழக்கம் திரும்பியது. "காய்ச்சற் சூடு இறங்குது, பிள்ளை களைச்சுப் போனான்" என்று அப்பாச்சி குளுக்கோசு கரைத்துக் கொடுத்தார். அன்பினாற் செய்ததுதான். மேலும் மெலிந்தான். வயிற்று வலி, வாந்தி. மூச்சு ஆழமாக வாங்க, வாயிற் பழ வாசம் வீசியபோதுதான் ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், ஒரு நிமிடம். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. அத்துளியை ஒரு கிழமை முன்னதாக எடுத்திருந்தால் மூன்று நாள் மயக்கம் இருந்திராது.

அதன் பின்னரும் அத்தாய்க்கு அமைதியில்லை. "இனிப்புக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்றது ஊர். இந்த வகை நீரிழிவு இனிப்புத் தின்று வருவதன்று. நம் சங்கத்துப் பெரியோர்கள் போகுமிடமெல்லாம் இதைச் சொல்லவேண்டும். வேறொருவர் வந்து, ஊசியை நிறுத்தினாற் குளிகையாற் குணமாக்குவதாகச் சொன்னார். தகப்பனார் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். அனுப்பியிராவிட்டால் பையன் சில நாட்களுக்கு மேல் தங்கியிரான்.

அவன் இப்பொழுது எமது துடுப்பாட்டக் குழுவிற் பந்து வீசுகின்றான். மதிய இடைவேளையில் மரத்தடியில் இருந்து தானே ஊசி போட்டுக்கொண்டு, பின்னர் எல்லோருடனும் சோறு உண்கின்றான்.